டங்குன்னு விழுத பதம்

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. மடியில டப்பா இருக்கு. ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிடுதேன், உனக்குச் சின்ன வயசு, காத்து இல்லாட்டியும் தாங்குவ. நாகர்கோவிலுக்குத்தானே? நல்லதாப் போச்சு. இந்த பஸ்ஸுல ஏறுத ஆளுகளப் பாத்தியா? ஏறினதும் காதுல ஒயர மாட்டிக்கிட்டு கண்ண மூடிருதானுவ. பக்கத்துல இருக்கது மனுசனா மூட்டையான்னு திரும்பிப் பாக்கதில்ல. நீயும் மாட்டப் போனியா? எடுத்து உள்ள வை. வடசேரி பஸ் ஸ்டாண்டு போற வரைக்கும் பேசிக்கிட்டுப் போவோம்.

நான் ரத்தினபாய். பாளையங்கோட்டையில பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டையர் ஆனவ. முன்னால என்னய மிஸ்னு கூப்பிடுவாளுவ. பின்னால என்ன பேரு வச்சிருந்தாளுவளோ, நான் கேட்டுக்கிட்டதில்ல. கேட்டு என்ன ஆகப்போவுது?

இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ. கூச்சப்படாத. கிறிஸ்மஸ் மிட்டாய். தேங்கா மிட்டாய்தான், ஆனா நீ இது வரைக்கும் தின்ன தேங்கா மிட்டாய் மாதிரி இல்ல. நட்சத்திரமா இருக்கு பாத்தியா? கல்யாணமான புதுசுல எங்க வீட்டுல அவிய வாங்கிக் கொண்டாந்த பித்தள அச்சு. அஞ்சு கால்ல ஒரு கால் நுனி ஒடிஞ்சு போச்சு. ஒடிஞ்சா என்ன, இனிப்பு குறைஞ்சிருமா? வாயில போடு. கடிக்காத. கடிக்கக் கூடாது. கன்னத்து ஓரமா அதக்கிக்கோ. தானா கரையும். வள்ளியூருக்குள்ள கரையலேன்னா ஆரல்வாய்மொழிக்குள்ள கரைஞ்சிரும்.

நல்லா இருக்கா? பேசாத, பேசாத. தலைய மட்டும் ஆட்டு. ம்.

எங்க தெருவுல கிறிஸ்மஸ்னா இந்த நட்சத்திர மிட்டாய்தான். மத்தவளுகளும் குடுக்காளுவ. குடுக்கட்டும். எங்க சபையில ஒருத்தி, பேங்க்ல பெரிய உத்தியோகம், பேக்கரியில கேக்கு வாங்கி அட்டைப் பெட்டியோட கொண்டாந்து தாரா. விலை ஒட்டியிருந்தத கூட கிழிக்கல. கடையில வாங்கிக் குடுக்கதெல்லாம் ஒரு குடுக்கதாம்மா? அதுக்கு கதவச் சாத்திக்கிட்டு வீட்டுலயே இருக்கலாம். அடுப்பு முன்னால நின்னு வேர்த்து விறுவிறுத்து, கை சுட்டுக் குடுத்தாத்தான் அதுக்குப் பேரு பலகாரம். இன்னொருத்தி எங்க கொழுந்தன் பெண்டாட்டி, ஹெப்சிபா. அடுத்த தெருதான். அச்சுமுறுக்கு சுடுவா. எண்ணெயப் பிழிஞ்சா இன்னொரு சட்டி முறுக்கு சுடலாம். ஆனா அவ பேசுத பேச்சக் கேக்கணுமே! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு முறுக்க எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, கீழ வச்சிருவேன். அவளுக்கு அது போதும்.

மிட்டாய்க்கு முக்கியம் என்ன தெரியுமா? பதம். தேங்காயத் துருவத் தெரிஞ்ச எவளும் தேங்கா மிட்டாய் செஞ்சிரலாம்னு நெனைக்காளுவ. சீனியப் போட்டு, தண்ணிய ஊத்தி, நாலு கொதி வந்ததும் துருவலக் கொட்டி இறக்கிருதாளுவ. அது மிட்டாயா? களி. சீனி பொங்கணும், பொங்கி அடங்கணும், அடங்கி நிறம் மாறணும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, அத எடுத்துத் தட்டுல போட்டா டங்குன்னு காசு விழுந்த சத்தம் கேக்கணும். அந்த டங்கு கேக்காம நான் அடுப்ப விட்டு நகர மாட்டேன். அதுக்கப்புறந்தான் துருவல். நிறம் கொஞ்சம் மங்கலாத்தான் வரும். ரோஸ் கலர் ரெண்டு சொட்டு விட்டா எடுப்பாயிரும். அப்படிச் செஞ்ச மிட்டாய் பொங்கல் வரைக்கும் அசையாது. எங்க பக்கத்து வீட்டுக் கோமதி சொல்லுவா, "அக்கா, எல்லா வீட்டுப் பலகாரமும் மூணு நாள்ல தீந்துரும். உங்க மிட்டாய்தான் பொங்கல் வரைக்கும் இருக்கு." எப்பேர்ப்பட்ட வார்த்தை பாரு. அவளுக்கு நாக்குல விசம் கிடையாது. என்ன, கிறிஸ்மஸ் அன்னைக்கு மத்தியானம் ஆச்சுன்னா அவ வீட்டுல அம்மிக்குழவியப் போட்டு எதையோ இடிக்க சத்தம் கேக்கும். பண்டிகை நாள்ல என்னத்த இடிப்பாளோ. மஞ்சளா இருக்கும்.

எங்க வீட்டுல அவியளுக்கு ஒரு பல்லு போச்சு, இந்த மிட்டாயக் கடிச்சு. அவிய குடும்பத்துல எவனுக்கும் பல்லு உறுதி கிடையாது. மாமனாருக்கு நாப்பது வயசுல பல்செட்டு. அதுக்கு மிட்டாய் என்ன செய்யும்? அவிய கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு கிணத்தடியில போய் நின்னுக்கிட்டாவ. நல்ல மனுசன். போய்ச் சேந்துட்டாவ.

நான் திங்கதில்லையான்னு பாக்கியா? எனக்கு சுகரும்மா. இனிப்பு கண்ணுல கூட காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பத்துப் பன்னெண்டு வருசமா நான் செய்யுத மிட்டாய நானே வாயில வச்சதில்ல. வைக்கவும் வேண்டாம். கை தெரிஞ்சவளுக்கு நாக்கு எதுக்கு?

நாங்குநேரி வந்துட்டு. என்னம்மா, கன்னத்த மாத்தி மாத்தி வைக்க? சூடா இருக்கா? மிட்டாய் எப்படிச் சூடா இருக்கும்?

சரி, எங்க விட்டேன்? ஆங், பதம். என் மருமக பெனிட்டா வந்தா. எங்களுக்கு ஒரே பையன், தேவநேசன். நேசன்னு கூப்பிடுவோம். அவனுக்கு நாகர்கோவில்ல பொண்ணு எடுத்தோம். முதல் கிறிஸ்மஸுக்கு நான் பாகு கிண்டுதேன், அவ பக்கத்துல வந்து நிக்கா. "மாமி, இறக்கிரலாமே. பாகு கம்பியா இழுபடுது. இதான் பதம், இதுக்கு மேல போனா கசந்துரும்"ங்கா. அவங்க ஊருல மாமியார மாமின்னுதான் கூப்பிடுதாளுவ. நான் அவள ஏறெடுத்தும் பாக்கல. ஹாஸ்டல்ல எத்தன பிள்ளைகளப் பாத்தவ நான். "உங்க அம்மா வீட்டுல இறக்குவாவ. இங்க டங்குன்னு கேக்கணும்"ன்னேன். அடுப்படிய விட்டுப் போயிட்டா.

ஆனா கேளு. மறுநாள் நான் கோயில் ஆராதனைக்குப் போயிருந்த நேரம், அவளா ஒரு தட்டு மிட்டாய் செஞ்சு வச்சிருக்கா. அவ பதத்துல. எடுத்தா விரலுக்குள்ள அமுங்குது. "இது பல்லில்லாதவளுக்கும் கைப்பிள்ளைக்கும் செய்யுத மிட்டாய். மனுசர் திங்க மிட்டாய் இல்ல"ன்னு சொல்லி, தட்டோட கொண்டு போய் மதில் மேல காக்கைக்கு வச்சேன். நிமிசத்துல கொத்திக்கிட்டுப் போயிருச்சு. என் மிட்டாய வச்சா காக்கா தொடாது. அதுக்குத் தெரியும், இது மனுசனுக்குச் செஞ்சதுன்னு. அவ அழுதாளா என்னன்னு தெரியாது. அடுப்படிக்குள்ள போய் பாத்திரம் தேய்ச்சா. ஆடத் தெரியாதவ மேட கோணல்னாளாம். பதம் தெரியாதவளுக்குப் பேச்சு எதுக்கு?

அதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன். போன கிறிஸ்மஸுக்கு ஒண்ணு செஞ்சா பாரு, அத நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

எங்க தெருவுல ஒரு வழக்கம் உண்டு. உங்க பக்கமும் இருக்கும். பலகாரம் வந்த பாத்திரத்த வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாது. ஒரு பிடி சீனியாவது ரெண்டு வாழப்பழமாவது போட்டுத்தான் குடுக்கணும். வெறும் பாத்திரத்த அனுப்பினா உறவு வேண்டாம்னு சொன்ன மாதிரி. கோமதி இந்துதான், ஆனா அவ அதுல ரொம்பக் கறாரு. அன்னைக்குக் காலையில நான் அவளுக்கு ஒரு டப்பா நிறைய மிட்டாய் குடுத்தேன். அப்பமே டப்பாவுல நாலு பழத்தப் போட்டுத் திருப்பித் தந்துட்டா.

சாயங்காலம் ஹெப்சிபா வாரா. புருசன், பிள்ளைக, எல்லாரும். கையில ஒரு தூக்குச்சட்டி. "அக்கா, மிட்டாய் கொண்டாந்தேன்"னு மேசையில வைக்கா. திறந்து பாக்கேன், தேங்கா மிட்டாய்! ரோஸ் கலர்! துண்டு துண்டா, ஒரு உருவம் இல்லாம, நாய் கடிச்சுப் போட்ட மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தன வருசமா முறுக்கு சுட்டவளுக்கு இந்த வருசம் என்னத்துக்கு மிட்டாய்? எனக்குப் போட்டிக்குத்தானே?

டாக்டர் வேண்டாம்னாரு. சரிதான். ஆனா தின்னாத்தானே குறை சொல்ல முடியும்? அதுக்குன்னே ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுக் கடிச்சேன். எம்மா! கல்லு. கடவாப் பல்லுல அடைச்சிருந்த சிமெண்டு பேந்து கையில வந்துட்டு. அது கூடப் பரவாயில்ல. அந்தக் கசப்பு! சீனியக் கருக விட்டு, கருகினது தெரியக் கூடாதுன்னு கலரக் கொட்டியிருக்கு. தேங்கா காறல் வேற. துப்பிட்டேன். நான் விடுவேனா? எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நான் நடு வீட்டுல நின்னு சொன்னேன். "இதச் செஞ்சவ கைய அடுப்புல வைக்கணும். கருகலுக்கு மேல கலரப் பூசி ஊர ஏமாத்துதா. இப்படி ஒருத்தி இருக்க வீட்டுல மனுசன் குடியிருப்பானா? அவ புருசன் பிள்ளையெல்லாம் என்ன பாவம் செஞ்சுதுவளோ!" கேட்டேன். இன்னும் கூடக் கேட்டேன். எல்லாம் இப்ப ஞாபகம் இல்ல. நல்லாக் கேட்டேன்.

ஹெப்சிபா முகத்துல ஈ ஆடல. "அக்கா, நான் செய்யலக்கா. காலையில கோமதி வீட்டுக்கு இந்தத் தூக்குல முறுக்குக் குடுத்து விட்டேன். அவதான் இதப் போட்டுத் திருப்பித் தந்தா"ங்கா. கோமதியாவது, தேங்கா மிட்டாய் செய்யதாவது! அவளுக்கு அதிரசத்தத் தவிர ஒண்ணும் வராது.

அப்பந்தான் என் மருமக எந்திரிச்சா. நாலு மாசம் அவளுக்கு அப்ப. மெதுவா வந்து தூக்குக்குள்ள கைய விட்டு, அடியில இருந்து ஒண்ண எடுத்தா. முழுசா ஒரு நட்சத்திரம். ஒரு கால் நுனி இல்ல. என் முன்னால வச்சிட்டு, "மாமி, போதும். விட்டுருங்க. இது நம்ம மிட்டாய்தான். நாம கோமதி அக்காவுக்குக் குடுத்தது. அவங்க உடைச்சு, சின்ன மாமி தூக்குல போட்டு விட்டுருக்காங்க. யாரு மேலயும் தப்பில்ல"ங்கா.

கேட்டியா கதைய? என் மிட்டாயாம்! நான் துப்பினது என் மிட்டாயாம்!

என் கொழுந்தன் இருக்கானே, அவன் சிரிச்சிட்டான். வாய் நிறையச் சோத்த வச்சிக்கிட்டுச் சிரிக்கான். அவன் பிள்ளைகளும் சிரிக்குதுவ. எங்க வீட்டுல, எங்க மேசையில, என் சோத்தத் தின்னுக்கிட்டு.  ஹாஸ்டல்ல முந்நூறு பிள்ளைக என் செருப்புச் சத்தம் கேட்டா மூச்சு விடாதுவ.

நட்சத்திர அச்சு ஊருல ஒண்ணுதானா? கால் ஒடிஞ்ச அச்சு எந்த வீட்டுல இல்ல? நீயே சொல்லு. நான் சொல்லுதேன் என்ன நடந்துச்சுன்னு. இவதான் என்னமோ கருகின மிட்டாயச் செஞ்சு கோமதி கையில ரகசியமா குடுத்திருக்கா. அது சுத்திச் சுத்தி எங்கிட்ட வரும்னு கணக்குப் போட்டிருக்கா. காக்கைக்கு வச்சேன்லா, அத மனசுலயே வச்சிருந்திருக்கா. அமுக்குணிகள நம்பக் கூடாதும்மா. ஹாஸ்டல்லயும் அப்படித்தான், அமைதியா இருக்கவதான் சுவரேறிக் குதிப்பா.

நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "என் கையக் கேவலப்படுத்தின வாய்க்கு இந்த வீட்டுல சோறு கிடையாது." அவ்வளவுதான். அதுக்கு நேசன் பாதிச் சோத்துல கை கழுவிட்டான். விடிஞ்சதும் பெட்டியக் கட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. பிறகு நாகர்கோவிலுக்கே மாத்தல் வாங்கி, தனியா வீடு பிடிச்சிட்டான். பெத்தவ முக்கியமா, பெண்டாட்டி முக்கியமான்னு ஒரு வார்த்த யோசிக்கல. இப்ப வீட்டுல நான் மட்டுந்தான். நல்லதாப் போச்சு. ஒரு சத்தம் கிடையாது. வச்சது வச்ச இடத்துல இருக்கு.

வள்ளியூர் தாண்டிட்டா? கரைஞ்சிருக்குமே. இன்னுமா இருக்கு? நல்லது. அதுக்குத்தான் பதம்ங்கது.

ஜூன் மாசம் பிள்ள பிறந்துச்சு. பொம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணினான். நான் போகல. நேர்ல வந்து கூப்பிடாத வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்? போட்டோ அனுப்பினான். இரு, காட்டுதேன். இந்தா. நெத்தியப் பாரு. அப்படியே எங்க வீட்டுல அவிய நெத்தி. காது மட்டும் அவ அம்மா காது, அத என்ன செய்ய முடியும்? இது கைய மூடிக்கிட்டு உறங்குது. இது குப்புற விழுந்த அன்னைக்கு. இப்பத் தவழுதாம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ எடுத்துப் பாப்பேன், கண்ணாடி சரியா இருக்கான்னு சோதிச்சுப் பாக்கதுக்கு.

என்னத்த மறைக்க? எனக்கு அந்தப் பிள்ளையத் தூக்கணும்மா. ஆறு மாசம் ஆயிட்டு. நான் இன்னும் தூக்கல.

கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலை ஆராதனையில அதுக்கு ஞானஸ்நானம். போன வாரம் நேசன் போன் பண்ணினான். "அம்மா வாங்க. பிள்ளைக்கு உங்க பேரையும் சேத்து வைக்கோம். பெனிட்டாதான் சொன்னா"ன்னான். யாரு கேட்டா அவகிட்ட? ஐஸ் வைக்கா. சரின்னேன். அதுக்குப் பிறகுதான் சொல்லுதான், "ஆனா அந்த மிட்டாய மட்டும் கொண்டு வராதீங்க. அதக் கொண்டு வந்தீங்கன்னா பழைய பேச்சு வாசல்லயே தொடங்கிரும். இன்னொரு தடவ அதத் தாங்க எங்களுக்குத் தெம்பு இல்லம்மா. வெறுங்கையோட வாங்க, போதும்." பெத்த தாய்கிட்ட பேசுத பேச்சா இது? பிள்ள இருக்க வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறதா?

அதான் நேத்து உக்காந்து செஞ்சேன். தனியா. துருவி, கிண்டி, டங்குன்னு கேட்டு. நான் என்ன செய்யப் போறேன்னு சொல்லட்டா? வீட்டு வாசல்ல நின்னு, செருப்பக் கூடக் கழட்டாம, டப்பாவத் திறந்து அவ கையில ஒண்ணக் குடுப்பேன். "தின்னு பாரு. அன்னைக்கு வந்த கருகலும் இதுவும் ஒண்ணா? சொல்லு"ன்னு கேப்பேன். தப்புதான் மாமின்னு அவ வாயால சொல்லணும். சொன்னாத்தான் செருப்பக் கழட்டி உள்ள போவேன். சொல்லலேன்னா அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஞானஸ்நானம் அவங்களே நடத்திக்கிடட்டும். பிள்ளையப் பாக்காட்டாலும் சரி. ஆமா. பாக்காட்டாலும் சரி. என் கை பொய் சொல்லாது.

என்னம்மா அது கைக்குட்டையில?

காட்டு. காட்டுங்கேன்லா.

துப்பிட்டியா? மரியாதையா தலைய ஆட்டிக்கிட்டே வந்துட்டு, நான் போட்டோ தேடுத நேரம் பாத்துத் துப்பியிருக்க. உங்க வயசுல எல்லாவளும் ஒரே மாதிரிதான். என்ன, கசக்குதா? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு அந்த வார்த்தைய? நீயும் நாகர்கோவில்தானே, உனக்கு அவளத் தெரியுமா? தெரியாதா? பின்ன எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்த வருது? பல்லு வலிக்கா? இந்த வயசுலயா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

சரி, நானே தின்னு காட்டுதேன். ஒரு மிட்டாயில சுகர் ஏறிச் செத்துர மாட்டேன். செத்தாலும் பரவாயில்ல. பாத்துக்கோ, இந்த டப்பாவுல இருந்துதான் எடுக்கேன். நேத்து செஞ்சது. நானே செஞ்சது. பக்கத்துல எவளும் நிக்கல. இந்தா, கடிக்கேன், பாரு.

இரு.

ஒரு நிமிசம் பேசாம இரு. நீ எங்க பேசின. நாந்தான் பேசுதேன்.

கரண்டுக் காத்தாடி எப்படிச் சுத்துது பாரு. ஆரல்வாய்மொழி வந்துட்டு போல. எம்புட்டு பெருசு. இதுக்குக் கீழ வீடு கட்டி இருக்காங்களே, சத்தம் கேக்காதா?

அன்னைக்கு இடது பக்கம். இன்னைக்கு வலது பக்கம். ஒண்ணுமில்ல. பல்லச் சொன்னேன்.

தண்ணி வச்சிருக்கியா? குடு.

தேங்கா சரியில்ல. முத்தல். அந்தக் கடைக்காரன் எப்பவும் அப்படித்தான், நாம கண்ணாடி போடாமப் போனா தலையில கட்டிருவான். அடுப்பும் புது அடுப்பு, தீ எங்க நிக்குதுன்னே தெரியல. கலரும் மாத்திக் குடுத்துட்டான்னு நெனைக்கேன்.

இன்னும் கொஞ்சம் தண்ணி குடு. போக மாட்டேங்குது. நாக்குலயே நிக்குது.

பஸ் வேகமாப் போவுதுல்லா? எங்கயும் நிக்காத எண்ட் டு எண்ட் பஸ்னா இப்படித்தான், யோசிக்க விடமாட்டானுவ. தோவாளை தாண்டினா அப்புறம் ஒண்ணுமில்ல, வடசேரிதான். பஸ் ஸ்டாண்டுக்கு நேசன் வந்து நிப்பான். பிள்ளையையும் தூக்கிட்டு வாரேன்னு சொன்னான். பனிக் காத்துல எதுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாரான்? புத்தி கிடையாது.

ஏம்மா, நீ நாகர்கோவில்காரிதானே. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளயே நல்ல கடை ஏதும் இருக்கா? ஸ்வீட் கடைதான். பேக்கரின்னாலும் சரி. என்ன அப்படிப் பாக்க? கடையில வாங்கினா குத்தமா? ஊரு உலகம் எல்லாம் வாங்குது. பல்லு முளைக்காத பிள்ள இருக்க வீடு, அதுக்குத் தகுந்த மாதிரி மெத்துன்னு என்னமாவது. பால்கோவா இருக்குமா? அவளுக்குப் பால்கோவா பிடிக்கும்னு நெனைக்கேன், பெனிட்டாவுக்கு. இல்ல, லட்டா? தெரியல. மூணு வருசம் ஒரே வீட்டுல இருந்தா, எனக்குத் தெரியல பாரு. அவளும் சொன்னதில்ல. அமுக்குணி. நீ என்கூட இறங்கி அந்தக் கடைய மட்டும் காட்டிரு. அவன் கண்ணுல படுததுக்கு முன்னால வாங்கிரணும்.

இந்தா, இத நீ வச்சிக்கோ. டப்பாவோட. வச்சிக்கோங்கேன், எனக்கு இதத் தூக்கிட்டு நடக்க முடியாது. பிள்ளைய வாங்கணும்னா ரெண்டு கையும் வேண்டாமா? டப்பாவத் திருப்பித் தர வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு. இத வேற யாருக்கும் குடுத்துராத, என்ன?